பதில்: மாணவர்களை இலங்கை மலையகத்து ஹட்டனுக்குக் கூட்டி வந்து என்ன காட்டுவது?

சேர், கோயம்புத்தூரிலிருந்து 12 கால்நடை மருத்துவ மாணவர்களோடு ஒரு வாரம் வருகிறோம், மனிதர், விலங்கு, சூழல் மூன்றின் ஆரோக்கியமும் பின்னிக் கிடப்பதை எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருந்தீர்கள். பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்துக்கு அரை நாள் போதும். மிச்ச நாளெல்லாம் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்துப் பக்கம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருங்கள். விடியக்காலை பால் கறக்கிற நேரம் போனால், மாட்டுக் கொட்டில் கழுவிய தண்ணீர் மரக்கறிப் பாத்திக்குள் இறங்கி, சில இடங்களில் அப்படியே ஓடையில் கலப்பதை அவர்களே கூட நடந்து பார்க்கலாம். எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரத்தால் மட்டுமல்ல, மாட்டு மூத்திரத்தாலும் பரவும் என்பது அங்கேதான் மண்டையில் ஏறும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றில் இறங்க விடாதீர்கள். வெறிநாய்த் தடுப்பூசியை ஊரிலேயே போட்டுவிடுங்கள். அப்புறம், படம் எடுக்கும் முன் வீட்டு ஆட்களைக் கேட்கச் சொல்லுங்கள், தோட்டத்து ஆட்கள் நாங்கள் ஒன்றும் காட்சிப்பொருள் இல்லையே.