டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கே: ஜாஸ் கேட்டுப் பழக்கமில்லை. அமெரிக்கப் பியானோக் கலைஞர் புரூபெக்கின் 1959 ஜாஸ் ஆல்பமான ‘டைம் அவுட்’டில் எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்?

ப: முதலிலிருந்தே போட்டுவிடுங்கள், நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூன்றாவதாக வரும் ‘டேக் ஃபைவ்’ உங்கள் காதில் ஏற்கெனவே எங்காவது விழுந்திருக்கும். அதற்கு முந்தைய ‘ஸ்ட்ரேஞ்ச் மெடோ லார்க்’கைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தொடக்கத்தில் பியானோ மட்டும், தாளக்கட்டு இல்லாமல் நிதானமாகப் போகும். புரூபெக்கின் வாசிப்பு முரடு என்பவர்களுக்கு இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

கே: தாளத்தில் அப்படி என்ன புதுமை?

ப: அன்றைய ஜாஸ் பெரும்பாலும் நாலு எண்ணிக்கையில் ஓடும், எப்போதாவது மூன்றில். இதன் முதல் பாட்டான ‘ப்ளூ ரோண்டோ ஆ லா டர்க்’ ஒன்பது. தக தக தக தகிட என்று மூன்று முறை, நாலாவது முறை மட்டும் தகிட தகிட தகிட. வாயால் சொல்லிக்கொண்டே கேளுங்கள், பியானோவின் அழுத்தம் ஒவ்வொன்றும் பொருந்தி வரும். நடுவில் நாலுக்கு மாறி நல்ல ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை) ஆகிவிடும்.

‘டேக் ஃபைவ்’ ஐந்து: தகிட தக. நம் கண்ட சாபுவை (தக தகிட) திருப்பிப் போட்டது போல. புரூபெக் அந்த உருவைப் பியானோவில் விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, ஜோ மொரெல்லோ அதன் மேல் டிரம்ஸில் தனி வாசிக்கிறார். எவ்வளவு இடம் விட்டு வாசிக்கிறார்! தனி ஆவர்த்தனத்துக்குப் பழகிய காது அந்த இடைவெளிகளை மிகவும் ரசிக்கும். இரண்டு தடவை எண்ணிக் கேளுங்கள், அப்புறம் எண்ணுவதை விட்டுவிடுங்கள். பால் டெஸ்மண்டின் சாக்ஸபோன் பாடுவது அப்போதுதான் முழுதாகக் கேட்கும். கணக்கு கடினம், மெட்டோ அவ்வளவு இலகுவாகப் போகிறது. இந்த ஆல்பம் நிலைத்தது அந்த மெட்டுகளால்தான் என்பேன்.

கே: ‘டேக் ஃபைவ்’ புரூபெக் இயற்றியதுதானே?

ப: டெஸ்மண்ட் இயற்றியது. அவர் கொண்டுவந்த இரண்டு மெட்டுகளை ஒரே பாட்டாகச் சேர்க்கச் சொன்னவர் புரூபெக். 1959 ஜூன் 25 அன்று நியூயார்க்கில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் 30-வது தெரு ஸ்டுடியோவில் பலமுறை முயன்றும் சரிவரவில்லை. ஜூலை 1 அன்றுதான் அமைந்தது. 1977-இல் டெஸ்மண்ட் இறந்தபோது, இதன் ராயல்டியை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வைத்திருந்தார்.

கே: புரூபெக் மெட்ராஸ் வந்தாராமே? இந்தத் தாளங்கள் இங்கிருந்து போனவையா?

ப: வந்தது உண்மை. 1958-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய பயணம் அது. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் புரூபெக் குழுவினர் இங்கே சந்தித்தார்கள். ஆனால் ‘ப்ளூ ரோண்டோ’வின் ஒன்பது, இஸ்தான்புல் தெருவில் வாசித்தவர்களிடம் கேட்டது என்று புரூபெக்கே சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமை துருக்கிக் கலைஞர்களுக்கே சேரட்டும்.

கே: வெளியிடவே தயங்கினார்களாமே?

ப: ஆமாம். எல்லாம் சொந்தப் பாட்டுகள், ஆடுவதற்கு ஏற்ற தாளம் இல்லை, அட்டையிலும் ஓவியம். கொலம்பியாவின் விற்பனைப் பிரிவுக்குப் பிடிக்கவில்லை. நிறுவனத் தலைவர் காடர்ட் லீபர்சன் துணை நின்றார். பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் ஜாஸ் ஆல்பம் ஆனது.

கே: இதற்கு அடுத்து எதைக் கேட்கலாம்?

ப: 1961-இல் வந்த ‘டைம் ஃபர்தர் அவுட்’. அதில் ‘அன்ஸ்கொயர் டான்ஸ்’ ஏழு எண்ணிக்கை, கைத்தட்டலோடு, இரண்டே நிமிடம். கூடவே தட்டிப் பாருங்கள்.