முதலில் தகுதித் தேர்வு, பிறகு எம்.ஏ.

கேள்வி: குடியாத்தம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். பி.எஸ்சி., பி.எட். முடித்து, 2008-இல் பதிவு மூப்பில் வேலைக்கு வந்தேன். வயது 42. ஆன்லைனில் கல்வியியல் முதுகலைப் பட்டம் படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வேலூரில் ஒரு சேர்க்கை மையத்தில், “ஒரே வருடத்தில் ஆன்லைன் எம்.எட்., வகுப்புக்கே போக வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்கிறார்கள். தோழி ஒருத்தி, எம்.ஏ. கல்வியியல் போதும் என்கிறாள். தலைமை ஆசிரியரோ, “இந்த வயதில் எதற்கம்மா? பதவி உயர்வுக்கும் ஆகாது, சம்பளத்துக்கும் ஆகாது” என்கிறார். கணவருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. மகன் ஒன்பதாம் வகுப்பு. மாமியாருக்கு உடம்பு சரியில்லை. எனக்கு ஆங்கிலம் படித்தால் புரியும், எழுதத்தான் தயக்கம். தகுதித் தேர்வு வேறு இன்னும் எழுதவில்லை. நான் படிக்கலாமா? எதைப் படிப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, வேலூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, படிக்கலாம். தாராளமாகப் படிக்கலாம். ஆனால், “தகுதித் தேர்வு வேறு இன்னும் எழுதவில்லை” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வரிதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு உங்களுக்கும் பொருந்தும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே பணியில் சேர்ந்திருந்தாலும், ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்கிறது அந்தத் தீர்ப்பு. பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் பாடம் நடத்தியவர்களைப் பார்த்து இப்போது தகுதியை நிரூபி என்பது எத்தனை வேதனை என்று எனக்குத் தெரியும். மறுசீராய்வு மனுக்களால் நல்லது நடந்தால் உங்களைவிட நான் மகிழ்வேன். அதை நம்பிக்கொண்டு புத்தகத்தை மூடி வைத்துவிட வேண்டாம். உங்களிடம் இருக்கிற வேலைக்கு ஆபத்து வரும்போது, இல்லாத பட்டத்துக்குப் பணம் கட்டுவது சரியல்ல.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. நீங்கள் எழுத வேண்டியது இரண்டாம் தாள். அதன் 150 மதிப்பெண்களில் 60 கணிதம், அறிவியலுக்கு. கணிதம் உங்கள் கையில் இருக்கிறது. 30 மதிப்பெண்கள் குழந்தை மேம்பாட்டுக்கும் கற்பித்தல் முறைகளுக்கும். குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜே, வைகாட்ஸ்கி, கற்றல் கொள்கைகள், மதிப்பீடு என்று அந்தப் பகுதிக்கு நீங்கள் படிப்பது எதுவும் வீண் போகாது, எம்.ஏ. கல்வியியலில் இதே ஆட்கள் விரிவாக வந்து உட்காருவார்கள். ஆக, தகுதித் தேர்வுக்கு உட்காரும் நாளிலேயே முதுகலைக்கும் படிக்கத் தொடங்கிவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். தேர்ச்சி பெற்ற பிறகு விண்ணப்பம் போடுங்கள்.

அடுத்து, அந்தச் சேர்க்கை மையம். அங்கே இனிமேல் போகாதீர்கள். எம்.எட். என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ.யின் அங்கீகாரம் வேண்டிய படிப்பு. 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை இரண்டு ஆண்டுப் படிப்பாக்கின. ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், கள அனுபவம், ஆய்வேடு எல்லாம் அதில் உண்டு. பி.எட்.டுக்குத் தொலைநிலை முறையில் தனி விதிகள் வகுத்த அதே விதிமுறைகளில் எம்.எட்.டுக்கு அப்படி ஒரு வழி வைக்கப்படவில்லை. வகுப்புக்கே போகாமல் ஒரே வருடத்தில் வீட்டுக்கு வரும் எம்.எட். சான்றிதழை எந்த அலுவலகத்தில் நீட்டினாலும் கேள்விதான் வரும். சில இடங்களில் விசாரணையும் வரும். இரவு விளக்கை அணைக்காமல் உண்மையாகவே படித்தவர்கள்கூட இப்படிப்பட்ட தாளை வாங்கிவிட்டு, பணிப்பதிவேட்டில் பதிய முடியாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகளும் அல்லர், ஏமாற்றுக்காரர்களும் அல்லர். ஆசையைக் காசாக்கத் தெரிந்தவர்களிடம் மாட்டிக்கொண்ட நல்ல ஆசிரியர்கள். அதனால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

உங்கள் தோழி சொல்வது சரி. எம்.ஏ. கல்வியியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் இந்த முறைகளில் தரும் பட்டம் நேரடியாகப் படித்து வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளே சொல்கின்றன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் எம்.ஏ. கல்வியியல் உங்களைப் போன்ற பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஏற்றது. எங்கே சேர்ந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தைத் திறந்து பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது; அந்தப் படிப்பின் பெயரும், நீங்கள் சேரும் கல்வியாண்டும் அதில் இருக்க வேண்டும். இப்போது தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளில் சேரும் மாணவரே அந்தத் தளத்தில் தனக்கென ஓர் அடையாள எண் உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதை உங்கள் கைப்பேசியில் நீங்களே செய்யுங்கள். கட்டணத்தையும் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே நேரடியாகக் கட்டுங்கள்.

தலைமை ஆசிரியர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். முதுகலை ஆசிரியராகப் பதவி உயர்வு பெற உங்கள் பாடத்தில் முதுகலை வேண்டும். உங்களுக்கு அது எம்.எஸ்சி. கணிதம். எம்.ஏ. கல்வியியல் அந்தக் கதவைத் திறக்காது. உயர்கல்விக்கு முன்பு கிடைத்த ஊக்க ஊதிய உயர்வும் 2020 மார்ச்சில் வந்த அரசாணையோடு நின்றது. பிறகு அது ஒரே ஒரு முறை தரும் தொகையாக மாறியது. அது உங்களுக்குக் கிடைக்குமா, எவ்வளவு என்பதை அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நோக்கம் பதவி உயர்வு என்றால் எம்.எஸ்சி. படியுங்கள்; அதில் குறை ஒன்றும் இல்லை.

ஆனால், கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு உங்கள் ஆசை அது இல்லை என்று எனக்குத் தோன்றியது. பதவி உயர்வைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் பேசியவர் தலைமை ஆசிரியர்தான். நீங்கள் எழுதியது “நெடுநாள் ஆசை” என்று. எம்.ஏ.வுக்கும் கதவுகள் உண்டு: கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வைக் கல்வியியலில் எழுதலாம், முனைவர் பட்டத்துக்குப் போகலாம், பி.எட்.டோடு சேர்த்து உரிய மதிப்பெண் இருந்தால் கல்வியியல் கல்லூரியில் அடிப்படைப் பாடங்கள் நடத்தவும் என்.சி.டி.இ. விதிகளில் இடம் இருக்கிறது. அதெல்லாம் பிறகு. இந்தப் படிப்பின் உண்மையான பயன் உங்கள் வகுப்பறைக்குள்ளேயே இருக்கிறது என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

ஆசிரியர் பயிற்சியில் இருந்த நாட்களில் பேரணாம்பட்டு பக்கம் ஓர் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். கரும்பலகையில் 1000 வகுத்தல் 25. ஒரு சிறுமி சாக்பீஸோடு எழுந்து வந்தாள். நூறில் நான்கு முறை என்று சரியாகத் தொடங்கி, 4 எழுதி, மிச்சமிருந்த பூஜ்ஜியத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். டீச்சர் உட்காரச் சொன்னார். இடைவேளையில் அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். அம்மா பீடி சுற்றுகிறார். ஒரு கட்டுக்கு எத்தனை? “இருபத்தஞ்சு.” ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டு? கேட்டு முடிப்பதற்குள், “நாப்பது” என்றாள். இன்றைக்கு முப்பத்தெட்டுக் கட்டுதான் ஆனது என்றால்? “அம்பது பீடி குறையும்.” அவளுக்கு வகுத்தல் தெரியும். பெருக்கலும் கழித்தலும் தெரியும். கரும்பலகையில் இருந்தது அவளுக்குத் தெரிந்த அதே கணக்கு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

1980-களில் பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில், தெருவில் தேங்காயும் பழமும் விற்ற பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் இதையே கண்டார்கள். வாடிக்கையாளரைப் போல விலை கேட்டபோது நூற்றுக்கு 98 கணக்குகளைச் சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள், அதே வகைக் கணக்கைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரியாகச் செய்தார்கள். நெசவும் தீப்பெட்டியும் பீடியும் வீட்டுத் திண்ணையில் நடக்கிற குடியாத்தம், பேரணாம்பட்டு ஊர்களில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் உங்களுக்கு அந்த ஆய்வு அடுத்த வீட்டுச் செய்தி அல்லவா? இப்படி எத்தனையோ பேர் பார்த்து, அளந்து, வாதிட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். எம்.ஏ. கல்வியியல் உங்களை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். பதினெட்டு ஆண்டுகளாக உங்கள் மனதில் கிடக்கும் சந்தேகங்களை எப்படிக் கேள்வியாக்குவது, எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று சொல்லித்தரும்.

படிப்பின் ஒரு பகுதியாக ஆய்வு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கும். இணையத்தில் தலைப்புத் தேடாதீர்கள். பரதராமி பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். பேரணாம்பட்டில் உருது பேசுவார்கள். அந்தப் பிள்ளை வாக்கியக் கணக்கில் தவறு செய்யும்போது அது கணக்கில் வந்த தவறா, தமிழ் வாக்கியம் புரியாததால் வந்த தவறா? ஒரே கணக்கை எண்ணாகவும், வாக்கியமாகவும், வாய்மொழியாகவும் கொடுத்துப் பார்த்து எழுதுங்கள். மாநிலத் தலைநகரத்தில் உட்கார்ந்திருப்பவரால் எழுத முடியாத ஆய்வு அது.

ஆங்கிலம். இக்னோவின் பாடநூல்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கின்றன. அவை இக்னோவின் மின்நூலகமான இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. சேருவதற்கு முன்பே ஓர் அலகை இறக்கிப் படியுங்கள். படித்ததைப் புத்தகத்தைப் பார்க்காமல் அரைப் பக்கம் எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை இப்படி எழுதி வந்தால், தகுதித் தேர்வு முடிவதற்குள் தயக்கம் பெருமளவு போய்விடும். மகன் ஒன்பதாம் வகுப்பு என்கிறீர்கள். அவனையே திருத்தச் சொல்லுங்கள், அவனுக்கும் நல்லது. எவ்வளவு முயன்றும் வரவில்லை என்றால், தமிழில் தேர்வு எழுத அனுமதிக்கும் படிப்பு எங்கே இருக்கிறது என்று மாநிலப் பல்கலைக்கழகங்களில் விசாரியுங்கள். நன்றாகத் தமிழில் எழுதிய பதில், திக்கித் திணறிய ஆங்கிலப் பதிலைவிட மேல்.

நேரத்தைப் பற்றி யாரும் ஆசிரியைகளிடம் உண்மை சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். படிப்பின் அளவைக் கிரெடிட் கணக்கில் சொல்வார்கள்; ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. நான்கு கிரெடிட் தாள் ஒன்றுக்கு 120 மணி நேரம். அரை ஆண்டில் நான்கு தாள் எழுதுவதென்றால் வாரத்துக்கு 18 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். பள்ளி, பஸ், சமையல், மாமியாரின் மருந்து, நடுவில் தேர்தல் பணியோ கணக்கெடுப்புப் பணியோ வந்தால் அது என்று இருக்கிற உங்களால் முடியாது. இரண்டே தாள் என்றால் ஒன்பது மணி நேரம். அது முடியும். இக்னோவில் இரண்டு ஆண்டுப் படிப்பை நான்கு ஆண்டுகள் வரை நீட்டிக்கொள்ளலாம். தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன. நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அந்த ஒன்பது மணி நேரமும் உங்கள் தூக்கத்திலிருந்து போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் உங்களுடையது என்று வீட்டில் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அன்றைக்குச் சமையல் கணவர் பொறுப்பு, பாட்டிக்கு மருந்து கொடுப்பது மகன் பொறுப்பு. கேட்டால் செய்வார்கள், கேட்காமல் இருந்துவிட்டு, கவனிக்கவில்லையே என்று குமைவதுதான் நம் வீடுகளில் நடக்கிறது.

சேருவதற்கு முன் துறை அனுமதி வாங்க மறக்காதீர்கள். தலைமை ஆசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு விண்ணப்பம் கொடுத்து, தேதியுடன் ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்த பிறகு அனுமதி கேட்டு அலைந்தவர்களின் கதைகள் நிறைய உண்டு. தலைமை ஆசிரியர் மறுபடியும் வயதைப் பேசினால், ஓய்வுக்கு இன்னும் பதினெட்டு ஆண்டுகள் இருக்கின்றன, அத்தனை ஆண்டுப் பிள்ளைகளுக்கும் இந்தப் படிப்பு பயன்படும் என்று சொல்லுங்கள்.

அந்தச் சேர்க்கை மையத்தில் அசல் சான்றிதழ்களையோ முன்பணத்தையோ கொடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், கணவரையும் அழைத்துக்கொண்டு நாளைக்கே போய் முதலில் சான்றிதழ்களை வாங்கிவிடுங்கள். தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம்.