மகளின் பெயரைப் பணம் கட்டி ஒரு சிறுகோளுக்கு வைக்க முடியுமா?

பிறந்தநாள் பரிசாக மகளின் பெயரை ஒரு சிறுகோளுக்கு வைக்க எவ்வளவு செலவாகும், இந்தப் பெயர்களை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பெயர்கள் விற்பனைக்கு இல்லை. பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் அச்சிட்டுத் தருபவர்களுக்கு அந்த உரிமையை யாரும் கொடுக்கவும் இல்லை.

நம் ஊர்ச் சிறுகோள் ஒன்றை வைத்தே சொல்கிறேன். 1988 பிப்ரவரி 17 அன்று, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்நோக்ககத்தில் வானியலாளர் ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு முதலில் கிடைத்தது '1988 டிகியூ1' என்ற தற்காலிகக் குறி மட்டுமே. ஒவ்வொரு மாதத்தையும் இரண்டு அரைமாதங்களாகப் பிரித்து, 'ஐ' என்ற ஆங்கில எழுத்தை மட்டும் விட்டுவிட்டு வரிசையாக எழுத்து கொடுத்துக்கொண்டு வந்தால், பிப்ரவரியின் பின்பாதிக்கு 'டி' வரும். அடுத்த எழுத்து, அந்த அரைமாதத்துக்குள் எத்தனையாவது என்பதைக் காட்டும்; 'ஐ'-யை விட்டுவிட்டு எண்ணினால் 'கியூ' பதினாறாவது எழுத்து. பின்னால் நிற்கும் 1, இருபத்தைந்து எழுத்துகளும் ஒரு சுற்று முடிந்துவிட்டன என்பதைக் காட்டுகிறது. ஆக, அந்த அரைமாதத்தில் பதிவான 41-வது சிறுகோள் அது.

அதன்பின், பல ஆண்டுகளின் நோக்கல்களைச் சேர்த்து, இனி இது எங்கே போனாலும் தேடிப் பிடித்துவிடலாம் என்னும் அளவுக்குச் சுற்றுப்பாதை உறுதியானால்தான் நிரந்தர எண் கிடைக்கும்; இதற்கு 4130 என்ற எண் கிடைத்தது. எண் கிடைத்த பிறகே பெயர். அதை முன்மொழியும் உரிமை பத்து ஆண்டுகளுக்குக் கண்டுபிடித்தவருக்கு உண்டு. ஏற்பதும் மறுப்பதும் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பெயரிடும் குழுவின் பொறுப்பு. ரோமன் எழுத்தில் பதினாறு எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும், விளம்பரமாக இருக்கக் கூடாது, அரசியல் தலைவர் என்றால் இறந்து நூறு ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் உண்டு. 4130 இன்று 'ராமானுஜன்'. கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதையின் பெயர், தமிழ்நாட்டு மலையொன்றிலிருந்து கண்டெடுத்த சிறுகோளுக்கு அமைந்தது எனக்கு இன்றளவும் நெகிழ்ச்சி தருகிறது.

காவலூருக்கு முன்பே மதராஸ் வான்நோக்ககத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. அங்கே பணியாற்றிய நார்மன் போக்சன் 1861-ல் கண்ட 67-வது சிறுகோளுக்கு 'ஆசியா' என்று பெயர். அது கிரேக்கப் புராணத்துப் பெண் ஒருத்தியின் பெயர். அதே வேளையில், இந்தக் கண்டத்திலிருந்து முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சிறுகோள் இதுவே என்பதையும் அந்தப் பெயர் பதிவு செய்கிறது. இப்படி ஒரே சொல்லில் புராணத்தையும் கண்டறிந்த இடத்தையும் சேர்த்துச் சொல்லும் பெயர்களே என் பார்வையில் சிறந்தவை.

1866-ல் அதே மதராஸிலிருந்து அவர் கண்ட இன்னொன்று 'சில்வியா'. ரோமானியத் தொன்மத்தில் ரோமுலஸ், ரீமஸ் என்ற இரட்டையரின் தாய். பிற்காலத்தில் அந்தச் சிறுகோளை இரண்டு சிறு நிலாக்கள் சுற்றிவருவது தெரியவந்தபோது, வானியலாளர்கள் வேறு பெயர் தேடவில்லை. 2005-ல் அவற்றுக்கு ரோமுலஸ், ரீமஸ் என்றே பெயரிட்டார்கள்.