கேளுங்க, சொல்றோம்: விழுந்தவரத் தாண்டிப் போனவன் கெட்டவனா?

கே: போன மாசம் காலைல எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ஒரு பெரியவர் பைக் சறுக்கி ஓரமா விழுந்து கெடந்தாரு. எல்லாரும் ஒதுங்கி ஒதுங்கிப் போனாங்க, நானும் போயிட்டேன். ஷிப்டுக்கு லேட்டானா அரைநாள் சம்பளம் கட். சாயங்காலம் வந்து பாத்தா அங்க யாரும் இல்ல. அது மனசுல இருந்து போகவே மாட்டேங்குது. நான் கெட்டவனா சார்?
- ஒரு வாசகர், திருவொற்றியூர்

ப: 1973-ல வெளியான ஒரு ஆராய்ச்சியச் சொல்றேன், கேளுங்க. அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல பாதிரியார் படிப்பு படிக்கிற பசங்கள ஜான் டார்லி, டேனியல் பேட்சன்னு ரெண்டு பேர் கூப்ட்டு, பக்கத்து பில்டிங்ல போய் கொஞ்ச நேரம் பேசிட்டு வாங்கன்னு அனுப்புனாங்க. அதுல பாதிப் பேருக்குக் குடுத்த தலைப்பே பைபிள்ல வர்ற நல்ல சமாரியன் கதை, அதாங்க, அடிபட்டு வழியில கெடந்தவனத் தூக்கிவிட்டவன் கதை. போற வழியில ஒரு ஆள இருமிக்கிட்டு முனகிக்கிட்டு உக்கார வெச்சிருந்தாங்க. டைம் இருக்கு, மெதுவா போன்னு அனுப்புனவங்கள்ல 63 சதவீதம் பேர் உதவுனாங்க, லேட்டாயிடுச்சு ஓடுன்னு வெரட்டுனவங்கள்ல வெறும் 10 சதவீதம். எந்தத் தலைப்புல பேசப் போறான்ங்கறது கூட பெருசா வித்தியாசம் பண்ணல!

அப்போ உங்க மனசு கல்லுன்னு நான் சொல்லமாட்டேன், அன்னிக்கு உங்களத் தள்ளிக்கிட்டுப் போனது அந்த அரைநாள் சம்பளம். கண்டெய்னர் லாரிங்க நடுவுல பைக்க நிறுத்துறதும் லேசுல்ல, தெரியும். ஆனா முழுசாவும் உங்கள விட்டுட முடியாது, கொஞ்சம் தள்ளிப் போய் நின்னு 108-க்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல? போலீஸ் கேஸுன்னு இழுப்பாங்கன்னு பயந்திருந்தா, 2019-ல திருத்துன மோட்டார் வாகனச் சட்டத்துல உதவி பண்றவங்களுக்குப் பாதுகாப்பு இருக்கு, பேரச் சொல்லுன்னு கூட கட்டாயப்படுத்தக் கூடாது. இனிமே வீட்லேருந்து பத்து நிமிஷம் முன்னாடி கெளம்புங்க.

கே: தண்ணி லாரி வந்தா முடியப் புடிச்சி அடிச்சிக்கிற எங்க தெரு ஜனங்க, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ ஒரே அடுப்புல ஆக்கி எல்லாருக்கும் போட்டாங்க. இதுல எது நிஜ மூஞ்சி?
- ஒரு வாசகி, வியாசர்பாடி

ப: ரெண்டும்தான்மா. சண்டை எப்போ வருதுன்னு கவனிச்சிருக்கீங்களா? லாரி வந்த ஒடனே வராது. அதுவரைக்கும் ஓட்டைக் கொடம், செங்கல்லு, பழைய பக்கெட்டு எல்லாமே ஒவ்வொரு வீட்டுக்கு ஆளா நிக்கும், அந்தச் செங்கல்ல யாரும் தொடமாட்டாங்க. ஓஸ்ல வர்ற தண்ணி மெலிசா ஆகும்போதுதான் "ஏய், அது இன்னா உனுக்கு மூணாவது கொடம்?"னு ஆரம்பிக்கும். கெடைக்காம போயிடுமோன்ற பயம் அது. புயலப்போ எல்லார் வீட்லயும் முட்டி வரைக்கும் தண்ணி, எல்லார் வீட்லயும் கரண்ட் இல்ல, அப்புறம் யார்கிட்டேருந்து யார் எதப் புடுங்கறது? அரிசி எவகிட்ட இருந்தா இன்னா, ஒலையில போட்டாச்சு.

கே: மனுஷன் பொறக்கும்போதே சுயநலக்காரனா?
- ஒரு மாணவர், காசிமேடு

ப: 2006-ல வார்னிக்கன், டொமசெல்லோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க பாத்தாங்க, பெரியவங்க கைதவறி எதையாவது கீழ போட்டுட்டு எடுக்க முடியாம தவிச்சா, 18 மாசக் கொழந்தைங்க யாரும் சொல்லாமலே போய் எடுத்துக் குடுத்துச்சுங்க. எங்க வீட்ல ஒண்ணு இருக்கு, பேனா விழுந்தா ஓடிவந்து குடுக்கும். பன்னுல ஒரு வாய் கேட்டா மட்டும் காது கேக்காது.