ஐந்தாம் வகுப்புக்கு 'ஹேட்செட்' நாவலை நாலு வாரத்தில் எப்படி நடத்துவது?

(கேட்டவர் அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஆசிரியர். விமான விபத்தில் தப்பி, காட்டில் தனியே ஒரு கைக்கோடரியோடு பிழைக்கும் சிறுவன் பிரையனின் கதை இது. கேரி பால்சன் எழுதிய இந்த நாவலை முதல் முறையாக நடத்தப்போகிறார்.)

நாலு வாரம் என்றால் இருபது பீரியட். நாவலில் 19 அத்தியாயம், கடைசியில் ஒரு பின்னுரை. கணக்கு கச்சிதமாக இருக்கிறதே என்று நாளுக்கு ஒன்றாகப் பிரித்துவிடாதீர்கள். பைலட்டுக்கு மாரடைப்பு வந்து விமானம் ஏரியில் விழும் முதல் மூன்று அத்தியாயங்களை இரண்டே நாளில் நீங்களே உரக்கப் படித்துக் காட்டி முடியுங்கள். மிச்சப்படுத்திய நேரத்தை 8, 9ஆம் அத்தியாயங்களுக்குக் கொடுங்கள். நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

முள்ளம்பன்றியை விரட்ட பிரையன் எறிந்த கைக்கோடரி குகைச் சுவரில் பட்டுப் பொறி பறக்கிறது. மறுநாள் அதை வைத்துத் தீ மூட்டப் பார்க்கிறான். இங்கே புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். "பொறி இருக்கு, தீ வரலை. ஏன்?" கரும்பலகையில் மூன்று நெடுவரிசை: எதை முயன்றான், ஏன் அணைந்தது, அடுத்து எதை மாற்றினான். காய்ந்த புல், சுள்ளி: பொறி விழுந்ததும் செத்துவிடுகிறது. கிழித்துப்போட்ட 20 டாலர் நோட்டு: அதுவும் இல்லை. பிர்ச் மரப்பட்டையை முடி போல மெல்லியதாகப் பிய்த்தபோதுதான் பொறி தங்குகிறது. அப்போதும் ஊதிக் காற்றுக் கொடுத்தால்தான் தீ.

"பிர்ச் பட்டைதான் விடை" என்று ஒரு பிள்ளை சட்டென்று சொல்லும். அதோடு விடாதீர்கள். ஏன் மெல்லியதாக இருக்க வேண்டும்? இழை மெலிந்தால் சூடேற வேண்டிய பொருள் குறைவு, காற்று படும் பரப்பு அதிகம். ஆளுக்கு ஒரு பேப்பர் டவல் கொடுத்து எவ்வளவு மெல்லியதாகப் பிய்க்க முடிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் பொறியும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம்.

மீன் பிடிக்கும் இடத்துக்கு ஒரு கிண்ணம், ஒரு காசு போதும். பக்கவாட்டில் உள்ளே தெரியாத கிண்ணத்தில் காசை வைத்து, அது விளிம்புக்குப் பின்னால் மறையும்வரை பிள்ளைகள் பின்னால் நகரட்டும். தண்ணீர் ஊற்றினால் காசு மேலே எழுந்து தெரியும். ஊற்றும்போது காசு நகர்ந்தால் எல்லாம் கெட்டது. அடியில் துளி களிமண் வைத்து ஒட்டிவிடுங்கள். அப்புறம், "அம்பை மீனுக்கு மேலே குறிவைக்கணுமா, கீழேயா?" பிள்ளைகள் விடை சொன்ன பிறகே பிரையன் கண்டுபிடித்ததை (தண்ணீரில் ஒளி வளைவதால் கீழேதான்) படிக்க விடுங்கள்.

பிள்ளைகள் தடம் மாறும் இடம் 13ஆம் அத்தியாயம். கதை திடீரென்று 47ஆம் நாளுக்குத் தாவி, பிறகு பின்னோக்கிப் பார்க்கும். மீட்கப்படும்வரை பிரையன் காட்டில் இருந்தது 54 நாள். முதல் நாளிலிருந்தே சுவரில் 54 கட்டம் போட்ட நாள்கோடு ஒன்றை ஒட்டி வையுங்கள். பிரையனும் கல்லில் நாட்களைக் கீறுகிறவன்தான்.

அதே அத்தியாயத்தில் தேடுவிமானம் திரும்பிப் போன துயரத்தில் அவன் சாக நினைத்ததும் வருகிறது. 18ஆம் அத்தியாயத்தில் தண்ணீருக்குள் பைலட்டின் சடலம். இரண்டையும் வீட்டுப்பாடமாகத் தனியே படிக்க அனுப்பாமல் வகுப்பிலேயே சேர்ந்து படியுங்கள். பெற்றோருக்கும் பள்ளி ஆலோசகருக்கும் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. பிரையனின் பெற்றோர் விவாகரத்தும், அம்மாவைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லாத 'ரகசியமும்' சில பிள்ளைகளைத் தொடும். "உங்க வீட்டுல எப்படி?" என்ற கேள்வியே வேண்டாம். 'அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை?' என்று பிரையனைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

தெரியாத பழத்தைத் தின்று அவன் வாந்தி எடுப்பதையும், ஆமை முட்டையைப் பச்சையாகக் குடிப்பதையும் வீரமாக எடுத்துக்கொள்ளும் வயது இது. காட்டுப்பழத்தைத் தொடாதே, பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம் என்று நேராகவே சொல்லுங்கள்.

சொற்களுக்குப் பொருள் தேடும் ஒர்க்‌ஷீட்டைக் கொஞ்சம் குறைக்கலாம். பெயர் தெரியாத பறவைக்கு 'முட்டாள் பறவை' என்று அவனே பெயர் வைத்துக்கொள்வதைக் காட்டி, பள்ளி மைதானத்தில் பெயர் தெரியாத மூன்று செடிகளுக்குப் பார்த்ததை வைத்துப் பெயர் வைக்கச் சொன்னால் வருணனை எழுத்து தானாக வரும்.

பின்னுரையைத் தவிர்க்காதீர்கள். உடல் எடையில் 17 சதவீதம் இழந்தான் என்கிறது. 50 கிலோ என்று வைத்தால் எட்டரை கிலோ. கணக்குப் பீரியடுக்கு ஆகும். பனிக்காலம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியும் அங்கேதான் எழுகிறது. சீக்கிரம் முடித்துவிடுகிற பிள்ளைகளிடம் 1996இல் வந்த 'பிரையன்ஸ் விண்டர்' நாவலைக் கொடுங்கள். அதில் பனிக்காலத்துக்கு முன் அவனை யாரும் மீட்கவில்லை. பனிக்காலமும் அங்கேயே கழிகிறது.