எல்-1 முறையை நீக்கினால் போதுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்ப் பாலம் திறந்த மூன்றே ஆண்டுகளில் விரிசல் விட்டிருக்கிறது. மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்னும் எல்-1 முறைதான் காரணம் என்கிறார்கள். அதை அடியோடு நீக்கிவிட்டால் தரம் வந்துவிடாதா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் ஓர் ஒப்பந்ததாரர் கட்டுப்படியாகாத விலையைத் துணிந்து கேட்பது ஏன் என்பதை முதலில் பார்க்க வேண்டும். மண் பரிசோதனை சரிவரச் செய்யாமலும் நிலம் முழுதாகக் கைக்கு வராமலும் மதிப்பீடு போட்டு டெண்டர் விட்டால், வேலை பாதியில் நிற்கும், வடிவமைப்பு மாறும், கூடுதல் வேலை என்ற பெயரில் தொகையும் ஏறும் என்பதை அனுபவமுள்ளவர் முன்கூட்டியே அறிவார். அவர் விட்டுக்கொடுக்கும் லாபத்தைப் பின்னால் அங்கேதான் மீட்கிறார். பில் தொகை மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்கும் துறையில், நேர்மையான சிறு நிறுவனம் கடன் வட்டியையும் விலையில் சேர்த்துத் தோற்கிறது, அல்லது டெண்டர் பக்கமே வருவதில்லை.

மத்திய நிதியமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட கொள்முதல் அறிவுரைகள், தரம் முக்கியம் என்று அறிவிக்கப்பட்ட கட்டுமானப் பணிகளில் தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் தர இடமளித்தன. பலரும் இதையே பேசினார்கள். தகுதியான பில் தொகையில் குறைந்தது 75 சதவீதத்தைப் பத்து வேலைநாட்களுக்குள்ளும், மீதியைச் சரிபார்த்து 28 வேலைநாட்களுக்குள்ளும் தர வேண்டும் என்று அதே அறிவுரைகள் சொன்னதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தர மதிப்பெண்ணை இடுபவரும் ஓர் அதிகாரியே. காரணம் எழுதி வெளியிடாத ஐந்து மதிப்பெண் பல கோடி ரூபாய் வேலையைக் கைமாற்றிவிடும். ஆகவே அந்த 30 சதவீத வரம்பு தேவையானது என்றே கருதுகிறேன். தேசிய நெடுஞ்சாலைகளில், வடிவமைப்பையும் ஒப்பந்ததாரரே ஏற்கும் இபிசி ஒப்பந்தங்களுக்கு, 90 சதவீத நிலம் கைவசம் இருந்த பிறகே பணி தொடங்கும் நாளைக் குறிக்க வேண்டும் என்ற நெறி உண்டு. ஊர்ப் பாலங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

உங்கள் பாலத்தின் மண் பரிசோதனை அறிக்கை, திருத்திய மதிப்பீடு, செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம், ஒவ்வொரு பில்லும் கொடுத்த நாள், பணம் வந்த நாள் ஆகியவற்றை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். அச்சட்டத்தின் 2(ஜே) பிரிவு ஆவணங்களோடு நில்லாமல் பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. அவை கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.