வெளிநாட்டிலிருந்து அமெரிக்க பிரைமரி ஓட்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: கிரீன் கார்டு இருக்கிறது, இப்போது சிங்கப்பூரில் வேலை. பிரைமரியில் (நவம்பர் தேர்தலுக்கு முன் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு) மட்டுமாவது ஓட்டுப் போடலாமா?

கூடாது. குடியுரிமை இல்லாமல் ஓட்டுப் போட்டால் கிரீன் கார்டுக்கே ஆபத்து.

கேள்வி: நியூ ஜெர்சி வீட்டை விற்றுவிட்டுக் கோவைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. எனக்கு எந்த மாநிலத்தில் ஓட்டு?

நியூ ஜெர்சிதான். கடைசியாகக் குடியிருந்த முகவரியே ஓட்டு முகவரி, வீடு இப்போது யாருடையது என்பது முக்கியமில்லை. வெளிநாட்டிலிருந்து பதிவு செய்து ஓட்டுச்சீட்டு கேட்கும் எஃப்.பி.சி.ஏ. படிவத்தை ஒவ்வொரு ஜனவரியும் புதிதாக அனுப்புங்கள்.

கேள்வி: நாங்கள் நியூயார்க் வாக்காளர்கள். நவம்பர் ஓட்டுச்சீட்டு வந்தது, பிரைமரிக்கு வரவே இல்லை. அலுவலகத்தில் வேண்டுமென்றே செய்கிறார்களா?

படிவத்தில் கட்சி என்ற இடத்தில் என்ன எழுதினீர்கள்? கடிதத்தில் அதைச் சொல்லவே இல்லை. இந்தக் கேள்வி வருடாவருடம் வருகிறது, பாதிப்பேர் அந்தக் கட்டத்தை 'அது நமக்கெதற்கு' என்று காலியாக விட்டவர்கள். நியூயார்க், புளோரிடா, பென்சில்வேனியா எல்லாம் மூடிய பிரைமரி மாநிலங்கள், கட்சியில் பதிவு இல்லையென்றால் அந்தக் கட்சியின் ஓட்டுச்சீட்டு வராது. 2016-ல் டிரம்ப்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும் நியூயார்க்கில் சொந்த அப்பாவுக்கே ஓட்டுப் போட முடியாமல் போனது இதனால்தான், கட்சி மாற்றும் கெடு முந்தைய அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. இப்போது அங்கே கட்சி மாற்ற பிப்ரவரி 14 கடைசி நாள். டெக்சாஸில் கட்சிப் பதிவே கிடையாது, ஆனாலும் எந்தக் கட்சியின் ஓட்டுச்சீட்டு வேண்டும் என்று எழுதித்தான் ஆக வேண்டும். அலுவலகத்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் நீங்கள் அனுப்பிய படிவத்தின் நகலை எடுத்துப் பாருங்கள். நகல் வைத்துக்கொள்ளவில்லையா? இனிமேலாவது வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'டெமாக்ரட்ஸ் அப்ராட்' தனியாக பிரைமரி நடத்துகிறதாமே, இரண்டிலும் போடலாமா?

அதிபர் வேட்பாளருக்கு ஒரே ஓட்டுதான். அது ஜனநாயகக் கட்சியின் வெளிநாட்டுக் கிளை. கட்சி அதை ஒரு மாநிலம் மாதிரியே நடத்துகிறது, அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டுக்குப் பிரதிநிதிகளும் உண்டு. 2020-ல் சுமார் 40 ஆயிரம் பேர் போட்டார்கள், பெர்னி சாண்டர்ஸ் ஜெயித்தார். அங்கே போட்டவர்கள் சொந்த மாநில பிரைமரியில் செனட், காங்கிரஸ் போன்ற மற்ற பதவிகளுக்கு மட்டும் போடலாம். குடியரசுக் கட்சிக்கு இப்படி ஒன்று இல்லை, மாநிலம் வழியாகத்தான்.

கேள்வி: மகள் அமெரிக்கக் குடிமகள், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் சென்னை. வயது 19.

பெரும்பாலான மாநிலங்கள் பெற்றோரின் கடைசி முகவரியை வைத்துப் போட விடுகின்றன, சில விடாது. எந்த மாநிலம் என்று எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? படிவம் அவள் பெயரில் தனியாக வேண்டும், கட்சிக் கட்டத்தையும் நிரப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து தபால் நேரத்துக்குப் போய்ச் சேருமா?

கேட்டவர்களுக்குத் தேர்தலுக்கு 45 நாள் முன்பே ஓட்டுச்சீட்டை அனுப்ப வேண்டும் என்பது 2009 சட்டம். மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டால் ஒரு பக்கத் தபால் நேரம் மிச்சம். திருப்பி அனுப்பும்போது சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கொடுக்கலாம், முன்கூட்டியே கொடுங்கள். சில மாநிலங்கள் மின்னஞ்சலிலேயே திருப்பி வாங்குகின்றன, நியூயார்க் வாங்காது. அப்புறம், உறையில் கையெழுத்துப் போட மறக்காதீர்கள்.